கருவி இருக்கிறது, சோதனை இல்லை

வெள்ளைப்படுதலையும் அடிவயிற்று வலியையும் பற்றி ஓர் அரசியல் மாத இதழில் எழுதலாமா என்று தோழர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கூலி பாக்கி, ரேஷன் அட்டை, குடியிருக்க இடம், பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு, இவையல்லவா நம் பிரச்சினைகள் என்பார்கள். சரிதான். ஆனால் கல்யாணமாகி ஐந்தாறு வருஷமாகியும் பிள்ளை இல்லை என்பதற்காக ஒரு பெண்ணை மாலை தூத்துக்குடி வண்டியில் ஏற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த தையில் மகனுக்கு வேறு பெண் பார்க்கிற குடும்பம் நம்மிடையே உண்டா, இல்லையா? அவளை மலடி என்று சொல்லும் வாய், எந்தச் சோதனையைச் செய்து பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறது? அவள் கருக்குழாய் ஏன் அடைத்தது, அந்த நோய் யாரிடமிருந்து வந்தது, அதற்கு ஏழு நாள் மாத்திரை போதுமாயிருந்தும் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்கத் தொடங்கினால் அது அரசியலில்தான் போய் நிற்கும்.

நோயின் பெயர் கிளமிடியா. உடலுறவால் பரவும் நோய்களில் கிருமியால் வருவது. பெயர் புதிதாக இருப்பதால் யாருக்கோ எங்கோ வருவது என்று எண்ண வேண்டாம். 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 கோடியே 90 லட்சம் பேருக்குப் புதிதாக இது தொற்றியதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதுவும் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களில். அதாவது உழைக்கிற, பிள்ளை பெறுகிற வயதில்.

இதே கிருமியின் வேறு வகைதான் டிரக்கோமா என்னும் கண்நோயை உண்டாக்குவது. இமையின் உட்புறம் தடித்து, மயிர் உள்நோக்கி வளைந்து விழியை உரசி உரசி ஏழைகளைக் குருடாக்கிய நோய் அது. இந்திய சர்க்கார் 1963இல் அதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. அறுபது வருஷம் போராடி, 2024 அக்டோபரில், இந்தியாவில் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்ற சான்றிதழை உலகச் சுகாதார நிறுவனத்திடம் பெற்றுவிட்டது. பாராட்ட வேண்டியதுதான். கண்ணில் வந்தால் தேசியத் திட்டம், பெண்ணின் கருப்பை வாயில் வந்தால் கேட்க நாதி இல்லை! கண்நோயைப் பற்றி மேடையில் பேசலாம், மற்றதைப் பற்றிப் பேச வெட்கம். வெட்கத்துக்கு நாம் கொடுக்கும் விலை கொஞ்சமா?

இந்த நோயின் பொல்லாத குணம் அதன் மௌனம். தொற்றிய பெண்களில் பத்துக்கு ஏழு பேருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. சித்தாள் வேலைக்குப் போய்க்கொண்டும் ஊதுபத்தி உருட்டிக்கொண்டும் இருப்பாள். மீதிப் பேருக்கு வழக்கத்துக்கு மாறான வெள்ளைப்படுதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், உறவுக்குப் பின் இரத்தக்கசிவு, இரு மாதவிலக்குகளுக்கு நடுவே கசிவு, அடிவயிற்றில் மந்தமான வலி ஆகியவற்றில் ஏதாவது தோன்றலாம். கவனிக்காமல் விட்டால் கிருமி மேலேறிக் கருப்பையையும் கருக்குழாயையும் பிடிக்கும். புண் ஆறும்போது தழும்பு விழும். தழும்பு விழுந்த குழாயில் கரு நகராது. முற்றிலும் அடைத்துக்கொண்டால் பிள்ளைப்பேறு தடைப்படும். பாதி அடைத்தால் கரு குழாயிலேயே தங்கி வளரும். டியூபில் கர்ப்பம் என்று நம் பெண்கள் சொல்வது இதைத்தான். மாதவிலக்கு தள்ளிப்போன பெண்ணுக்கு அடிவயிற்றில் ஒருபுறம் கடும் வலி, தலைசுற்றல், மயக்கம் என்றால் கஷாயம் வைத்துக்கொண்டிராமல் அந்த நேரமே செலுவாம்பா மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் வெடித்தால் உயிர் போய்விடும். கர்ப்பிணிக்குத் தொற்று இருந்தால் பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் சீழும், சில வாரங்களில் நிமோனியாவும் வரலாம்.

நம் வீடுகளில் வெள்ளைப்படுதல் என்றால் உடல்சூடு. இளநீர், ஊறவைத்த வெந்தயம், எண்ணெய்க் குளியல். எல்லா வெள்ளைப்படுதலும் நோயல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாத நடுவில் தெளிவாக, வாடையில்லாமல் படுவது இயற்கை. பூஞ்சையால் வருவது உண்டு, வேறு கிருமிகளால் வருவதும் உண்டு. எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல டாக்டராலேயே முடியாதபோது வெந்தயம் எப்படிச் சொல்லும்? ஆண்களுக்காவது மேகவெட்டைக்கு மருந்து என்று சுவரொட்டி ஒட்டி, மாதத்துக்கு ஒருமுறை லாட்ஜில் அறையெடுத்துத் தங்கும் வைத்தியர்கள் இருந்தார்கள். பணம் பறித்தார்கள் என்றாலும், ஆணுக்கு அப்படி ஒரு நோய் உண்டு என்பதையாவது அந்தச் சுவரொட்டி ஒப்புக்கொண்டது. பெண்ணுக்கு அதுவும் இல்லை.

சோதனை கடினமானதா? இல்லவே இல்லை. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே மாதிரி ஒரு பஞ்சுக்குச்சி. அதைப் பெண் தானே மறைவில் போய் எடுத்துக் கொடுக்கலாம். டாக்டரோ நர்ஸோ தொட வேண்டியதில்லை. சிறுநீரிலும் பார்க்கலாம், ஆனால் பெண்களுக்குக் குச்சியில் எடுப்பதுதான் கூடுதல் நம்பகம். கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் முறை இது. காசநோய்க்குச் சளியைப் பார்க்க மாவட்டந்தோறும் சி.பி.நாட் என்ற இயந்திரத்தை சர்க்கார் வைத்திருக்கிறதே, அந்த இயந்திரத்திலேயே கிளமிடியாவையும் வெட்டை நோயையும் ஒருங்கே கண்டறியும் குப்பி உலகச் சந்தையில் உண்டு. ஆக இயந்திரம் இருக்கிறது, இயக்கத் தெரிந்தவர் இருக்கிறார், குப்பி வாங்கித் தரும் உத்தரவுதான் இல்லை. தனியார் ஆய்வகத்தில் செய்துகொள்ளலாம் என்பார்கள். அதற்குக் கேட்கும் தொகை ஒரு சித்தாளின் பல நாள் கூலி. இங்கிலாந்தில் 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இந்தச் சோதனை இலவசம். நம் நாட்டில் அப்படி ஒரு தேசியத் திட்டம் இல்லை.

இங்கே இருப்பது என்ன? மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட மருத்துவமனைகளிலும் சுரக்ஷா கிளினிக் என்று ஒன்று உண்டு. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் நடப்பது, இலவசம். நல்ல ஏற்பாடுதான், தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கே பல்லாண்டுகளாக நடந்துவருவது அறிகுறியைக் கேட்டு மருந்து தரும் முறை. இந்த அறிகுறிக்குச் சாம்பல் நிறப் பொட்டலம், இதற்குப் பச்சை, இதற்கு மஞ்சள் என்று நிறம் பிரித்துத் தருவார்கள். ஆய்வக வசதி இல்லாத ஏழை நாடுகளுக்கு வகுத்த வழி இது. அறிகுறியே இல்லாத அந்த ஏழு பெண்கள் எந்த நிறத்தைக் கேட்பார்கள்? இன்னொரு ஆபத்து நம் பக்கத்தில் இருக்கிறது. ஒரே கட்டடத்தில் வேலை செய்கிறவர்கள், எனக்குக் கேட்டது என்று பொட்டலத்தை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். சாதாரண வெள்ளைப்படுதலுக்குத் தரப்பட்டு வந்த பச்சைப் பொட்டலத்தின் மாத்திரைகள் கிளமிடியாவைக் கொல்லா. உலகச் சுகாதார நிறுவனமே 2021இல், வசதி உள்ள இடங்களில் மரபணுச் சோதனை செய்து மருந்து கொடுங்கள் என்று வழி சொல்லிவிட்டது. மைசூரில் வசதி இல்லையா?

நோய் தெரிந்துவிட்டால் மருத்துவம் எளிது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று, ஏழு நாள். கர்ப்பிணிகளுக்கு இது கூடாது. அவர்களுக்கு அசித்ரோமைசின் ஒரு கிராம், ஒரே வேளை. டாக்டர் எழுதித் தந்த பிறகுதான் வாங்க வேண்டும். நாள் தள்ளியிருக்கிறதா என்பதை மறைக்காமல் அவரிடம் சொல்ல வேண்டும். டாக்சிசைக்ளினை நிறையத் தண்ணீருடன் விழுங்கி அரைமணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையேல் நெஞ்சைப் புண்ணாக்கும். இரத்தசோகைக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் பாலையும் அதே வேளையில் சேர்க்கக் கூடாது, மருந்து உடம்பில் ஏறாது. சாப்பிடும் நாட்களில் வெயில் சுட்டெரிக்கும். கான்கிரீட் போடும் வேலைக்குப் போகிறவர்கள் தலையையும் கையையும் மூடிக்கொண்டு போக வேண்டும். மூன்றாம் நாளே வலி போய்விட்டது என்று நிறுத்தாதீர்கள். மாத்திரை கிருமியைத்தான் கொல்லும், விழுந்துவிட்ட தழும்பை அழிக்காது. முன்னால் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் கத்துவது அதனால்தான்.

புருஷனும் சாப்பிட்டாக வேண்டும். அவருக்கு ஒன்றும் இல்லை போலவே இருக்கும், ஆண்களிலும் பலருக்கு அறிகுறி வராது. அவரை விட்டுவிட்டு மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் அடுத்த வாரமே நோய் திரும்பி வரும். இருவருக்கும் மருத்துவம் முடிந்து ஏழு நாள் ஆகும்வரை சேரக் கூடாது, மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்துக்கொள்ள வேண்டும். வீட்டை விட்டு மாதக்கணக்கில் வெளியூர் வேலைகளில் கிடந்து வருகிற ஆண்கள் நாம். நடந்தது என்ன என்பது அவரவர் மனசாட்சிக்குத் தெரியும். ஆனாலும் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யார் யாரைக் கெடுத்தது என்று பஞ்சாயத்துக் கூட்டுவதை நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன். இந்தக் கிருமி மாதக்கணக்கிலும் அதற்கு மேலும் உடம்பில் ஓசையின்றி இருக்கக்கூடியது. கல்யாணத்துக்கு முன் வந்ததா, பின் வந்ததா என்று அந்தத் தாள் சொல்லாது. முதலில் தாள் வந்தவள் பெண் என்பதாலேயே பழி அவள் தலையில் விழுகிறது. சோதனைக்கு இருவரும் சேர்ந்தே போனால் இந்த வம்பே இல்லை.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்களுக்கு இந்த மைசூரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். 2004இல் இந்நகரில் பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி தொடங்கியது. சில காலத்தில் அப்பெண்களே அதைத் தம் கையில் எடுத்து ஆஷோதயா சமிதி என்ற அமைப்பை நடத்தலானார்கள். தொடக்கத்தில் எடுத்த கணக்கில் கிளமிடியா தொற்று நூற்றுக்கு 11 பேரிடம் இருந்தது. 2006இல் மறுபடி எடுத்தபோது 5. மேகப்புண் என்கிற சிபிலிஸ் 25இலிருந்து 12ஆகக் குறைந்தது. ஆணுறை, கிளினிக், மருத்துவம், எல்லாவற்றுக்கும் மேலாக ஒருத்தி இன்னொருத்தியைக் கைபிடித்து அழைத்துச் செல்வது, இவைதாம் அவர்கள் கண்ட வழி. அந்தப் பெண்களைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் நம்மில் உண்டு. அமைப்பாகச் சேர்வது எப்படி என்று அவர்களிடம் பாடம் கேட்டால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கைபிடித்து அழைத்துச் செல்வது என்றேனே, அதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. மொழி. ஒரு மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் நானே பார்த்தேன்: தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தாய் கன்னடம் தெரியாமல் நிற்கிறாள், பள்ளியில் கன்னடம் படிக்கிற அவளுடைய பத்து வயதுப் பையன், அம்மாவுக்கு எங்கே வலி என்று நர்ஸம்மாவுக்கு எடுத்துச் சொல்கிறான். அந்தப் பையனிடம் எந்தத் தாய் வெள்ளைப்படுதலைச் சொல்வாள்? வயிற்றுவலி என்றாள், அசிடிட்டி மாத்திரையோடு திரும்பினாள். நர்ஸையும் டாக்டரையும் குறை சொல்லிப் பயனில்லை, காதில் விழுந்ததற்குத்தானே மருந்து கொடுப்பார்கள். புருஷனைக் கூட்டிப்போனாலும் இதே கதிதான், இன்னும் மோசம்.

ஆகவே சங்கத்தின் மகளிர் பிரிவில் கன்னடமும் தமிழும் தெரிந்த நான்கு சகோதரிகளாவது முறை வைத்துக்கொண்டு, வாரத்தில் ஒரு நாள் மருத்துவமனைக்குத் துணை போக வேண்டும் என்பது என் யோசனை. கேட்டதை வெளியே சொல்லாதவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். எத்தனை படித்திருந்தாலும் வாய் காக்காதவர்கள் இந்த வேலைக்கு ஆகமாட்டார்கள். பஸ் செலவைச் சங்கம் தரட்டும்.

மாவட்ட சுகாதார அதிகாரிக்கு மனு கொடுப்பது அடுத்த வேலை. காசநோய் இயந்திரத்தில் கிளமிடியா சோதனைக்கும் வழி செய்க, கருத்தரிக்கவில்லை என்று வருகிற பெண்களுக்கும் முதல் கர்ப்பத்துக்குப் பதிவு செய்கிற பெண்களுக்கும் அதை இலவசமாகச் செய்க, குச்சியைத் தாங்களே எடுத்துக்கொள்ளத் தனியறை தருக என்று மூன்றே கோரிக்கை. மனுவைக் கன்னடத்தில் எழுத வேண்டும், தமிழர்களுக்கு என்று கேட்காமல் மைசூரின் எல்லா உழைக்கும் பெண்களுக்கும் என்று கேட்க வேண்டும். கையெழுத்துப் போட ஆண்களும் வரவேண்டும். ஞாயிறு காலை சங்க அலுவலகத்தில் தாள் இருக்கும்.