அழகிக்குப் போட்ட மாலை

ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரைப் பற்றி அடிக்கடி ஒரு கட்டுரை என் கண்ணில் படுகிறது. "அழகி மட்டுமல்ல, அறிவாளியும்கூட! வைஃபையைக் கண்டுபிடித்தவரே இவர்தான்!" படிக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் மூளுகிறது. அழகான பெண்ணுக்கு மூளையும் இருப்பது அத்தனை பெரிய அதிசயமா? இது புகழ்ச்சியா, ஏச்சா?

அதைவிடக் கொடுமை, அவர் செய்யாததற்கு மாலை போட்டுவிட்டுச் செய்ததை மறந்துவிடுவது. ரேடியோ அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருந்தால் பகைவனால் குறுக்கிட முடியாது என்ற எண்ணம் அவருக்கு முன்பே சிலருக்கு இருந்தது. இன்றைய வைஃபையோ அப்படித் தாவுவதே இல்லை. பின் அவர் செய்ததுதான் என்ன?

ஒளிந்துகொள்வது எளிது. நம்முடைய ஆள் நம்மைக் கண்டுகொள்ள வேண்டுமே, அதுதான் கஷ்டம்! கப்பலிலிருந்து கட்டளை எந்த அலைவரிசைக்குத் தாவுகிறதோ, கடலுக்குள் ஓடும் டார்ப்பிடோவின் ரிசீவரும் அதே கணத்தில் அங்கே தாவியாக வேண்டும். பிசகினால், பகைவனைப் போலவே அதற்கும் ஒன்றும் கேட்காது.

இந்த முடிச்சை லமாரோடு சேர்ந்து அவிழ்த்தவர் ஜார்ஜ் ஆன்டைல் என்ற இசையமைப்பாளர். தானாக வாசிக்கும் பியானோக்கள் பலவற்றை ஒன்றாக இயக்க 1920களில் பாடுபட்டவர். அந்தப் பியானோவுக்குள் சுழலும் துளையிட்ட காகிதச் சுருளையே இருவரும் கையில் எடுத்தார்கள். கப்பலில் ஒரு சுருள். டார்ப்பிடோவில் அதே துளைகளோடு இன்னொன்று. இரண்டும் ஒரே எடுப்பில் தொடங்கி, ஒரே காலப்பிரமாணத்தில் ஓட வேண்டும். பியானோவின் கட்டைகளைப் போலவே 88 அலைவரிசைகள்! 1942 ஆகஸ்டில் அமெரிக்க அரசு காப்புரிமை வழங்கியது. கடற்படையோ அதைக் கிடப்பில் போட்டது.

இன்று நாம் காதில் செருகிக்கொள்ளும் புளூடூத் கருவி வினாடிக்கு 1600 முறை வரை தாவுகிறது. காகிதச் சுருள் இல்லை. ஒன்றின் கடிகாரத்தை மற்றொன்று பின்பற்றுகிறது. லமாரின் சுருளே நேராக இதைப் பெற்றது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் முடிச்சு அதே முடிச்சுதான்.

"கதை படிக்கிறவர்களுக்குத் துளையும் சுருளும் எதற்கு ஸார்? அழகியின் படம் போதுமே!" என்றார் ஒரு பத்திரிகை நண்பர். என் வாசகர்களை நான் அப்படிக் குறைத்து மதிக்கத் தயாராக இல்லை. சொல்கிறவனும் கேட்கிறவனும் ஒரே கணத்தில் ஓரிடத்தில் கூடாவிட்டால் சொல் வீணாகும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

அந்த அம்மாளின் முகத்தை உலகம் போதுமான அளவு பார்த்துவிட்டது. இனியாவது அவருடைய வேலையைப் பார்க்கட்டும். பக்கத்தில் நின்ற ஆன்டைலையும் சேர்த்து!