போகாமல் இருந்தவர்



ஜூலை மாதம் வந்தால் ஜான் ஃபாசெட் என்ற போதகரை நினைத்துக்கொள்வேன். 1740 ஜனவரியில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டு பக்கத்திலுள்ள சிற்றூரில் பிறந்தார். 1817 ஜூலை 25 அன்று 77 வயதில் காலமானார். அந்த நெடிய வாழ்வில் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஒரே பள்ளத்தாக்கில் ஊழியம் செய்தார். பெரிய பதவிகள் அவரைத் தேடி வந்தன. அவர்தான் போகவில்லை. இந்த மாதம் உங்களோடு அவரைப் பற்றிப் பேச ஆசைப்படுகிறேன்.

சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவர் அவர். பிராட்ஃபோர்டில் ஒரு வியாபாரியிடம் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். பகலெல்லாம் வேலை, இரவில்தான் படிப்பு. 1755இல், 15 வயதில், ஜார்ஜ் விட்ஃபீல்டு திறந்தவெளியில் செய்த பிரசங்கத்தைக் கேட்டார். அந்த நாள் அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து பிராட்ஃபோர்டு பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். மறுவருடமே திருமணம். படிக்கவேண்டிய வயதில் குடும்பமும் சேர்ந்துகொண்டது. இரண்டையும் அவர் விடவில்லை.

1764இல் வெயின்ஸ்கேட் என்ற மலைக்கிராமத்துச் சபை அவரை அழைத்தது. ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு மேலே, காற்று ஓயாத மேட்டுநிலம் அது. சுற்றிலும் ஆட்டு மேய்ச்சல். வீட்டுக்கு வீடு கம்பளித் தறி. ஜனங்கள் ஏழைகள். நம் ஊரில் பல சபைகளில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிஷப்பிடமிருந்து மாற்றல் உத்தரவு வரும். பாப்டிஸ்டுகளிடம் அந்த வழக்கம் இல்லை. சபையார் கூடித் தங்கள் போதகரை அழைக்கிறார்கள். காணிக்கை சேர்த்து அவர்களே சம்பளமும் தருகிறார்கள். சபை ஏழையென்றால் போதகரும் ஏழைதான். ஃபாசெட்டுக்கு ஆண்டுக்குக் கிடைத்தது 25 பவுண்டுகூட இராது என்பார்கள். அதில்தான் மனைவியும் குழந்தைகளுமான ஒரு குடும்பம் நடந்தாகவேண்டும்.

இந்த நிலையில்தான் லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. வேத பண்டிதராகப் புகழ்பெற்ற ஜான் கில் 1771இல் மறைந்தபின், அவர் இருந்த கார்ட்டர் லேன் சபை ஃபாசெட்டை நாடியது. பெரிய சபை, நல்ல சம்பளம், புத்தகக் கடைகளும் அறிஞர்களும் நிறைந்த தலைநகரம். புறப்படுவதென்று முடிவாயிற்று. வண்டியில் சாமான்களை ஏற்றிக் கட்டிவிட்டார்கள் என்றும், சூழ்ந்து நின்ற ஜனங்களின் அழுகையைப் பார்த்துக் கணவனும் மனைவியும் மனம் தாங்காமல் எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். வண்டியும் கண்ணீரும் வாய்மொழியாக வந்தவை. அழைப்பு வந்ததும், அவர் அந்த மலையிலேயே தங்கிவிட்டதும் வரலாறு.

பத்தாண்டுகள் கழித்து, 1782இல், லீட்ஸ் நகரில் அவருடைய பாடல் தொகுப்பு அச்சாயிற்று. 166 பாடல்கள். நாகரிக உலகம் குறை சொன்னாலும் பரவாயில்லை, தனி ஜெபத்திலும் குடும்பத்திலும் ஆலயத்திலும் ஓர் எளிய விசுவாசிக்கு உதவினால் அதுவே தமக்கு மகிழ்ச்சி என்ற மனதோடு வெளியிட்ட நூல் அது. விசுவாசிகளின் உள்ளங்களை அன்பினால் இணைக்கும் பிணைப்பைப் பற்றிய பாடல் அதில்தான் இருக்கிறது. லண்டன் பயணம் நின்றுபோனதையொட்டி எழுதியது என்று பலர் நம்புகிறார்கள். இன்றும் ஆங்கிலம் பேசும் சபைகளில் பிரிவு வேளைகளிலும் திருவிருந்தின் முடிவிலும் அதைப் பாடுகிறார்கள். தார்ன்டன் வைல்டர் ஓர் அமெரிக்கச் சிற்றூரின் வாழ்வைச் சொல்லி 1938இல் அரங்கேற்றிய ‘அவர் டவுன்’ நாடகத்தில் இந்தப் பாடல் மூன்று இடங்களில் ஒலிக்கும்: பாடகர் குழுவின் ஒத்திகையில், கல்யாணத்தில், அடக்க ஆராதனையில். ஒரு சிற்றூரின் முழு வாழ்வையும் தாங்குகிற பாட்டு. ஜனங்களின் நல்லது கெட்டது அனைத்திலும் கூடவே நின்ற ஒருவரிடமிருந்து அது பிறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

தங்கிவிட்டவர் சும்மா இருந்துவிடவில்லை. 1777இல் ஹெப்டன் பிரிட்ஜில் புதிய ஆலயம் எழுந்தது. அரசுத் திருச்சபையைச் சேராதவர்கள் அந்நாளில் ஆக்ஸ்ஃபோர்டில் சேரவும் முடியாது, கேம்பிரிட்ஜில் பட்டம் பெறவும் முடியாது. ஆகவே தம் வீட்டையே பள்ளிக்கூடமாக்கினார். முதலில் பிரியர்லி ஹாலில், பிறகு ஈவுட் ஹாலில். போதகராக விரும்பிய இளைஞர்கள் அவரோடு தங்கிப் படித்தார்கள். பிற்காலத்தில் கட்டுரையாளராகப் பேர் பெற்ற ஜான் ஃபாஸ்டர் அவர்களில் ஒருவர். பிரிஸ்டல் பாப்டிஸ்ட் கல்லூரி தலைமைப் பொறுப்பைத் தர முன்வந்தபோதும் மறுத்துவிட்டார். 1804இல் வடக்குப் பகுதி இளைஞர்களின் இறையியல் கல்விக்காக ஒரு சங்கம் உருவாக முன்னின்றார். பிராட்ஃபோர்டில் கல்லூரி ஒன்று அமைய அது வழிசெய்தது.

அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டெர்பியிலும் ஹல்லிலும் அச்சுத் தொழிலும் பத்திரிகை ஆசிரியப் பணியும் பார்த்த வில்லியம் வார்டு என்ற இளைஞர், ஈவுட் ஹாலில் ஃபாசெட்டிடம் படித்தபின் 1799இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். வங்காளத்தின் செராம்பூரில் மிஷனரி வில்லியம் கேரியோடு சேர்ந்து அச்சகத்தை நடத்தினார். இந்திய மொழிகள் பலவற்றுக்கு எழுத்து வார்த்த அச்சகம் அது; தமிழ் வேதாகமப் பகுதியும் அங்கே அச்சேறியது. கேரியை அனுப்பிய மிஷனரி சங்கத்தை 1792இல் தொடங்கியவர்களில் ஜான் சட்கிளிஃபும் ஒருவர். அவர் ஹெப்டன் பிரிட்ஜ் பக்கத்தில் பிறந்து, ஃபாசெட்டின் சபையில் விசுவாசத்துக்கு வந்தவர். தம் பள்ளத்தாக்கை விட்டு அசையாத ஒருவரின் உழைப்பு, அவர் கையில் வளர்ந்த பிள்ளைகள் வழியாகக் கங்கைக் கரை வரை வந்து சேர்ந்திருக்கிறது.

வீட்டிலும் அவர் அதே மனிதராகவே இருந்தார் என்று நம்ப எனக்குக் காரணம் இருக்கிறது. முதுமையில், 1811இல், குடும்ப ஜெபத்தில் வாசிப்பதற்கென்றே விளக்கங்களும் தியானங்களும் சேர்த்து ஒரு குடும்ப வேதாகமத்தை வெளியிட்டார். அவர் மறைந்த மறு ஆண்டே அவருடைய வாழ்க்கை வரலாறு வந்தது. எழுதியவர் அவர் மகன். ஊருக்கெல்லாம் நல்லவராக இருந்துவிட்டு வீட்டைக் கைவிட்டவர்களை நாம் அறிவோம். அப்பாவின் பிரசங்கத்தையும் கேட்டு, சாப்பாட்டு வேளையில் அவர் முகத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளை, அவர் வாழ்வை எழுதிவைக்கவேண்டும் என்று நினைத்தானே, அதைவிட ஒரு தகப்பனுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மேலே மேலே போவதுதான் வளர்ச்சி என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். போவதில் தவறில்லை, போனவர்களால்தான் பல குடும்பங்கள் தலையெடுத்தன. ஆனால் எல்லோரும் போய்விட்ட ஊரில் ஞானஸ்நானம் கொடுத்த கையே கல்யாணத்தை நடத்தி, அதே கையே கடைசி மண்ணையும் போடவேண்டுமென்றால், ஒருவர் தங்கியே ஆகவேண்டும். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைத் துக்கமும் தெரிந்தவர் சொல்லும் ஆறுதல் வேறு. நேற்று வந்தவர் சொல்லும் ஆறுதல் வேறு. அந்த நெருக்கத்தைக் காலம் ஒன்றுதான் தரும். ஃபாசெட் தம் ஜனங்களுக்குக் கொடுத்த பெரிய காணிக்கை அந்தக் காலம்தான்.

உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். போதகராக இருக்கலாம்; பள்ளி ஆசிரியராகவோ, மாற்றல் கேட்காத கிராமத்து நர்ஸாகவோ, பட்டணத்து வேலையை மறுத்த டாக்டராகவோ இருக்கலாம். அவரைப் பற்றி இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எங்களுக்கு எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். அதற்கு முன்னால், அவர் உயிரோடு இருந்தால், இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போய் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். நம்மில் பலர் அதை இரங்கல் கூட்டத்துக்கு என்று தள்ளிவைத்துவிடுகிறோம். கேட்க அவர் இருக்கும்போதே சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்