முதல் மூன்று வரிசை



"பத்தாவது வந்தாச்சு, இன்னுமா பந்தைத் தட்டிக்கிட்டு இருக்கே?" போன வாரம் வீட்டுக்கு வந்த பெரியப்பா கேட்ட கேள்வி இது. அம்மா ஒண்ணும் சொல்லலை. ஆனா அன்னிக்கு ராத்திரியே என் ஷூ பரண்மேல ஏறிடுச்சு. நம்ம பள்ளியிலும் பத்தாம் வகுப்பு பி.டி. பீரியடு கணக்குக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. விளையாட்டு, படிப்பு, ரெண்டில் ஒண்ணைத்தான் பிடிக்க முடியும் என்று எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள். அது சரிதானா? ஓர் உண்மைக் கதையைச் சொல்லிவிட்டு என் கருத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவில் டென்னசி பல்கலைக்கழகம் இருக்கிறது. நாக்ஸ்வில் என்ற ஊரில். 1974ஆம் ஆண்டு அங்கே பெண்கள் கூடைப்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக ஒருவர் வந்தார். வயசு என்ன தெரியுமா? 22! பெயர் பேட் சம்மிட். மாதச் சம்பளம் 250 டாலர். அணியின் வேனை அவரே ஓட்டினார், வீராங்கனைகளின் சீருடையை அவரே துவைத்தார். அந்தச் சீருடையும் டோனட் விற்ற காசில் வாங்கியது. வெளியூர் போனால் எதிரணியின் உள்ளரங்கிலேயே பாய் விரிக்காத குறையாகப் படுத்துத் தூங்கிய நாளும் உண்டு. முதல் ஆட்டத்தில் மெர்சர் பல்கலைக்கழகத்திடம் 84-83 என்று ஒரே ஒரு புள்ளியில் தோல்வி!

இதில் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த வருஷம் அவர் பயிற்சியாளர் மட்டுமில்லை, முதுகலைப் படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். முழங்காலில் பட்ட அடிக்கு வைத்தியம் பார்த்தபடியே ஒலிம்பிக்குக்கும் தயாரானார். 1976இல் மான்ட்ரீலில் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது, வெள்ளி வென்ற அமெரிக்க அணியில் அவரும் ஆடினார். 1984இல் தங்கம் வென்ற அணிக்கு அவரே பயிற்சியாளர்.

"அது பணக்கார நாடு, அங்கே எல்லாம் நடக்கும்"னு சிலர் சொல்லலாம். அங்கேயும் பெண்களுக்கு எதுவும் சும்மா கிடைக்கவில்லை. பேட் சம்மிட் ஒரு விவசாயி வீட்டுப் பெண். அவர் சேர வேண்டிய உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் அணி கிடையாது. அதற்காகவே அவர் அப்பா குடும்பத்தோடு வேறு ஊருக்குக் குடிபோனார். கல்லூரியில் அண்ணன்களுக்கு விளையாட்டு உதவித்தொகை கிடைத்தது. தங்கைக்குக் கிடைக்கலை, பெற்றோர்தான் பணம் கட்டினார்கள். 1972இல் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனம் எதுவும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்றது அது. கதவு திறந்தது அப்புறம்தான்.

சட்டம் வந்தும் பழக்கம் போகவில்லை. டென்னசி உயர்நிலைப் பள்ளிகளில் பெண்களுக்குத் தனி விதி இருந்தது. அணிக்கு ஆறு பேர். மூன்று பேர் ஒரு பாதியில் கூடையில் போடலாம், மற்ற மூன்று பேர் மறு பாதியில் தடுக்க மட்டும் செய்யலாம். நடுக்கோட்டைத் தாண்டக்கூடாது! முழு மைதானமும் ஓடினால் பெண் பிள்ளை உடம்பு தாங்காதாம். இதை எதிர்த்து பேட் சம்மிட்டும் குரல் கொடுத்தார். 1979இல்தான் அந்த மாநிலம் ஐந்து பேர் ஆட்டத்துக்கு மாறியது. யாருக்கும் உடம்பு கெட்டுப் போகவில்லை.

அதன்பிறகு அந்த அணி கண்ட வெற்றிகள் கொஞ்சநஞ்சமல்ல. 1987 முதல் 2008 வரை எட்டு முறை தேசியக் கோப்பை. 1997-98 பருவத்தில் ஆடிய 39 ஆட்டத்திலும் வெற்றி. 38 பருவங்களில் மொத்தம் 1,098 வெற்றிகள். 2011இல் அவருக்கு நினைவு மங்கும் நோய் வந்தது. அதை மறைக்காமல் வெளியே சொல்லிவிட்டு, இன்னொரு பருவமும் பயிற்சி கொடுத்தார். 2012இல் ஓய்வு பெற்றார், 2016இல் தமது 64ஆம் வயதில் காலமானார்.

இந்தச் சாதனைகளை மற்றவர்கள் முந்திவிட்டார்கள். 2014இல் கனெக்டிகட் பல்கலைக்கழகம் ஒன்பதாவது கோப்பையை வென்றது. 2020இல் ஸ்டான்ஃபோர்டு பயிற்சியாளர் டாரா வான்டர்வீர் 1,098ஐத் தாண்டினார். ஆனால் ஒரு சாதனையை மட்டும் யாராலும் முந்த முடியாது, சமமாக வேண்டுமானால் நிற்கலாம். டென்னசியில் அவரிடம் முழுக்காலமும் ஆடிமுடித்த வீராங்கனை ஒவ்வொருவரும் பட்டம் வாங்கியிருக்கிறார். ஒருத்தர்கூட பாக்கி இல்லை! நூற்றுக்கு நூறு என்பதற்கு மேல் ஏது மதிப்பெண்?

எப்படி முடிந்தது? அவர் வைத்த விதி எளியது. வகுப்பில் முதல் மூன்று வரிசைக்குள்தான் உட்கார வேண்டும். காரணமில்லாமல் வகுப்புக்கு மட்டம் போடக்கூடாது. விளையாட்டைப் பிடுங்கிப் படிக்க வைக்கவில்லை அவர். விளையாட்டைக் கொடுத்தே படிக்க வைத்தார்.

என் கருத்து இதுதான். விளையாட்டு படிப்பைக் கெடுப்பதில்லை. கண்டிப்பு இல்லாத விளையாட்டுதான் கெடுக்கும். கண்டிப்பு இல்லாவிட்டால் படிப்பும்தானே கெடும்?

கணக்கு மிஸ், அறிவியல் சார், தப்பா நினைக்காதீங்க. எங்கள் நல்லதுக்குத்தான் பீரியடு வாங்குகிறீர்கள் என்று தெரியும். வாரத்தில் இரண்டே இரண்டு பி.டி. பீரியடை மட்டும் பத்தாம் வகுப்புக்கு விட்டு வையுங்கள். பதிலுக்குக் கூடைப்பந்து அணியில் இருக்கும் நாங்கள் ஒரு வாக்குத் தருகிறோம். நாளையிலிருந்து எங்கள் இடம் முதல் மூன்று வரிசை. மட்டம் போட்டவள், வீட்டுப்பாடம் முடிக்காதவள் அந்த வாரம் கோர்ட்டில் இறங்க மாட்டாள். காலாண்டுத் தேர்வு வரை பாருங்கள். மதிப்பெண் குறைந்தால் பீரியடை நாங்களே திருப்பித் தருகிறோம்.

தோழிகளே, சம்மதம்தானே? அம்மா, நீங்களும் பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். பரண்மேல் இருக்கும் ஷூவைக் கொஞ்சம் எடுத்து வையுங்களேன்!

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி