சட்டசபைக்குச் சென்ற உபாத்தியாயர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வெர்மாண்ட் ராஜ்யத்துப் பிரௌனிங்டன் வாசிகள் 1836-ல் தங்கள் பள்ளித் தலைமை உபாத்தியாயர் அலெக்ஸாண்டர் ட்வைலைட்டைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். பால்யத்தில் அண்டைப் பண்ணையில் ஒப்பந்த ஊழியம் செய்தவர். 1823-ல் மிடில்பரி கலாசாலைப் பட்டதாரியானவர். ராஜ்ய சட்டசபையொன்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆப்பிரிக்க வம்சத்தினருள் இவரே முதல்வர் என்பர். அச்சமயம் தென் ராஜ்யங்களில் அவ்வம்சத்தாரை ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்பதை நேயர்கள் மறக்கலாகாது.

மாணாக்கர் தங்குவதற்காக அவர் நான்கு மாடிக் கருங்கல் விடுதியொன்றை எழுப்பினார். இன்று அது பொருட்காட்சிசாலை. அப்பள்ளிக்குரிய ஜில்லா நிதியில் கிராஃப்ட்ஸ்பரி ஊர்ப் பள்ளியும் பங்கு கேட்டது. பங்கிடலாகாதென்று சபையில் வாதாடினார். கல்லை அடுக்கியவருக்கு வோட்டுகளை அடுக்கத் தெரியவில்லை போலும்! பணம் பிரிந்தது, அவர் வகுப்புக்குத் திரும்பினார்.