வேஸ்ட் ஆயில் அடிச்சா துரு வராதாம்!

எங்க ஏரியாவுல வண்டி வெச்சிருக்கற எல்லாருக்கும் ஒரே வியாதி, துரு. அதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியமும் ஒண்ணே ஒண்ணுதான்: வேஸ்ட் ஆயில். ஆயில் மாத்தும்போது எடுத்த கறுப்பு ஆயில்ல கொஞ்சம் டீசலைக் கலந்து வண்டிக்கு அடியில அடிச்சு விட்டா துரு கிட்டவே வராதாம். போன ஞாயித்துக்கிழமை திருவொற்றியூர்ல நண்பர் ஒருத்தர் வாசல்லயே இந்த வேலையைப் பண்ணிட்டு இருந்தார். கேட்டா, "கடலோரத்துல வேற வழி இன்னா இருக்கு தலைவா?"ங்கறார்.

இருக்கு. ஆனா முதல்ல கொஞ்சம் திட்டிக்கறேன்.

திட்டற தகுதி எனக்கு உண்டு, ஏன்னா நானும் மூணு வருஷம் அடிச்சவன். அடியில எட்டிப் பார்த்தா கறுப்பா பளபளன்னு இருக்கும், பெருமையா இருக்கும். ஒரு நாள் மெக்கானிக் அண்ணன் ஸ்க்ரூ டிரைவரால பின் சீட்டுக்குக் கீழ சும்மா ஒரு குத்து குத்தினார். சதக்குன்னு உள்ள போயிடுச்சு. என் பொண்ணு கால் வெச்சு உக்கார்ற இடம் அது. அதைவிடப் பயமுறுத்தினது பக்கத்துல போற பிரேக் பைப். அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்துது. அது புட்டுக்கிட்டா பெடல் அமுங்கிப் போகும், வண்டி சரியா நிக்காது. "மேல ஆயில் இருந்ததால யாரும் உத்துப் பாக்கல சார், நானும்தான்"னார்.

இதுதான் விஷயம். ஆயில் துருவை மறைக்குது, நிறுத்தறதில்ல. துருவுக்கு வேண்டியது இரும்பு, காத்து, ஈரம். உப்பு சேர்ந்தா வேகம் எகிறும். சாப்பாட்டு உப்பு ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினா தானே கசிய ஆரம்பிக்கும். கடல் உப்புல கலந்திருக்கற மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதுக்கும் கீழ எங்க ஊர்க் காத்து காயறது அபூர்வம். கூரையில படிஞ்ச உப்பை மழை கழுவிடும், மட்கார்டு உள்பக்கம் படிஞ்சதை யார் கழுவறது? அங்க போய் பிசுபிசுன்னு ஆயிலைத் தடவினா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிங்க கிளப்பற புழுதி மொத்தமும் ஒட்டும். உப்பும் ஈரமும் கலந்த அந்தச் சேறு பத்து போட்ட மாதிரி இரும்பு மேலயே உக்காந்திருக்கும். போதாததுக்கு பழைய ஆயில்ல அமிலம் வேற இருக்கு. ரப்பர் புஷ்ஷெல்லாம் ஊதிப் போகும்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் உறைக்கும். 2017 ஜனவரி 28-ல எண்ணூர்கிட்ட ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப, கரையில ஆளுங்க பக்கெட்டால அள்ளினாங்களே, ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட வந்த எண்ணெய் கழிமுகம் பூரா படிஞ்சுது, மீனவங்க வலையும் படகும் நாசம். ரெண்டு தடவையும் நாம எல்லாரும் கொதிச்சோம். நியாயமான கோபம்தான். அப்புறம் வீட்டுக்கு வந்து ஒரு லிட்டர் வேஸ்ட் ஆயிலை வண்டிக்கடியில அடிச்சு, அது மழையில சொட்டிச் சொட்டி அதே தண்ணியில கலக்கறதைப் பார்த்துட்டு இருக்கோம். அபாயகரக் கழிவுன்னு 2016 விதிகள்ல பேர் போட்டு வெச்சிருக்கற சரக்கு சாமி அது!

சரி, வழி. காசிமேட்டுல படகைக் கரையேத்தினா முதல்ல சுரண்டுவாங்க, அப்புறம்தான் பெயிண்ட். அவ்வளவுதான் வித்தை. அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவுங்க. போர் தண்ணி வேணாம், நம்ம பக்கம் பாதி இடத்துல அதுவே உப்பு. குடிக்கற தண்ணியை வண்டிக்கு ஊத்தறதான்னு 2019 பஞ்சத்தைப் பார்த்தவங்க கேப்பீங்க. எனக்கும் உறுத்தல்தான். கை பம்ப் வெச்சு அடிச்சா மாசம் ரெண்டு பக்கெட் போதும், மேல் பளபளப்பை விட்டுடுங்க. கதவுக்குக் கீழ தண்ணி வடியற ஓட்டைங்க இருக்கும், குச்சியால குத்தி அடைப்பெடுங்க. நல்லா காயட்டும். துரு கண்ட இடத்தைக் கம்பி பிரஷ்ஷால இரும்பு தெரியற வரைக்கும் தேய்ச்சு, எபாக்ஸி பிரைமர், அதுக்கு மேல பெயிண்ட். ரெட் ஆக்சைடு மட்டும் அடிச்சு விட்டா பத்தாது. டிஸ்க், சைலன்ஸர், ரப்பர் மேல எதுவும் படக்கூடாது. வெறும் ஜாக்கியை நம்பி அடியில படுக்காதீங்க, ஸ்டாண்டு கட்டாயம்.

ஆயிரக்கணக்குல வாங்கிட்டு அடிக்கற கறுப்பு ரப்பர் கோட்டிங்? புது வண்டிக்கு, சுத்தமா இருக்கறப்ப அடிச்சா சரி. துரு மேல அடிச்சா அதுவும் வேஸ்ட் ஆயிலோட அண்ணன்தான். விளிம்புல ஒரு கீறல் போதும், உள்ள போன தண்ணி வெளிய வராது.

நண்பர் பாதி ஒத்துக்கிட்டார். மீதி ரெண்டு லிட்டர் டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு, இதை எங்க ஊத்தறதுன்னு சாக்கடையைப் பார்த்தார். ஆயில் மாத்தின கடையிலயே திருப்பிக் குடுக்கச் சொல்லி, டப்பாவைத் தூக்கி அவர் டிக்கியில நானே வெச்சுட்டு வந்தேன்.