திறவுகோல் யார் கையில்?

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1976 முதல் 1983 வரை ‘லவர்ன் அண்டு ஷர்லி’ என்னும் நகைச்சுவைத் தொடர் நடைபெற்றது. மில்வாக்கி நகரத்துப் பீர் ஆலையொன்றில் புட்டிகளுக்கு மூடியிடும் மணமாகாத தோழியர் இருவர், நிலவறை வீடொன்றில் வாடகைக்கிருந்து, பிணங்கியும் இணங்கியும் வாழ்வதே அதன் கதை. வேடிக்கைக் கதையென்று தள்ளுவார் தள்ளுக. நமக்கு அதிற் புலப்படும் உண்மை ஒன்றுண்டு: அவ்வீட்டின் திறவுகோல் அம்மகளிர் கையிலேயே இருந்தது.

இனி நம்மூரை நோக்குவோம். வேடசந்தூர் முதலாகத் திண்டுக்கற் சமவெளியில் நூற்பாலைகள் பல. சிற்றூர்களினின்று வந்த கன்னியர் பலர் ஆலை விடுதிகளில் ஒருங்கே உறைகின்றனர். அவர்களும் உழைத்தே பொருளீட்டுகின்றனர். ஆயினும், விடுதிகள் பலவற்றிற் கடைவீதிக்குச் செல்லவும் பிறர் இசைவு வேண்டும்.

பாதுகாப்பின் பொருட்டே இக்கட்டுப்பாடு என்பர். பாதுகாப்பு வேண்டற்பாலதே, மறுக்கிலோம். ஆயின் பூட்டி வைத்தல் வேறு, காத்தல் வேறு. 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் மகளிர் விடுதிகள் உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கிற்று. 2022-இல் மகளிர் தலைமையிலான தொழிற்சங்கமொன்று ஆலை நிறுவனமொன்றோடு செய்துகொண்ட ‘திண்டுக்கல் உடன்படிக்கை’, பணியிடத்திற் பெண்களுக்கு நேரும் கொடுமைகளை அச்சமின்றி முறையிட வழி வகுத்தது. அத்தகைய உரிமையன்றோ மெய்யான காவல்!

கல்லூரி மாணவராகிய நாம் அறைத் திறவுகோலை விரலிற் சுழற்றித் திரிகின்றோம். நம் வயதினராய், நாம் உடுக்கும் ஆடைக்கு நூல் நூற்பார்க்கு அஃது அரிதாதல் முறையோ? கூலியோடு திறவுகோலும் அவர்க்கு உரித்தாகுக.