மீதி அறுபத்தெட்டு குண்டு எங்கே?

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் ஒரு குழு 4.4 மைல் தொலைவில் இருந்த இலக்கைத் துப்பாக்கியால் சுட்டு அடித்தது. குண்டு போய்ச் சேரவே 24 வினாடிக்கு மேல் ஆயிற்று. உலக சாதனை என்று கொண்டாடினார்கள். இலக்கில் பட்டது எத்தனையாவது குண்டு தெரியுமா? 69-வது!

ஒரு சின்னக் கணக்கு. ஒரு குண்டு இலக்கில் படும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான் என்று வையுங்கள். 69 முறை சுட்டால், ஒருமுறையாவது படுவதற்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவ்வளவு தூரம் குண்டை அனுப்பிய பொறியியல் திறமையை நான் குறை சொல்லவில்லை. அதற்குக் கைதட்டலாம். ஆனால் அதைக் குறி பார்க்கும் திறமை என்று சொல்லாதீர்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால், காக்கைக்குப் பதக்கம் கொடுப்பார்களா?

இதே விளையாட்டின் பழைய கதை ஒன்று உண்டு. 1874-ல் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அமெரிக்க அணியும் அயர்லாந்து அணியும் மோதின. அணிக்கு ஆறு பேர். 800, 900, 1000 கெஜத்தில் ஆளுக்குப் பதினைந்து பதினைந்து குண்டு. அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் மில்னர் நட்டநடு வட்டத்தில் ஒரு குண்டை அடித்தார். ஆனால் அது அடுத்தவர் இலக்கு! கிடைத்தது சைபர். அந்த நாலு புள்ளி கிடைத்திருந்தால் அயர்லாந்துதான் ஜெயித்திருக்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் இதே தவறைச் செய்தார். மூன்று புள்ளி முன்னிலையில் இருந்தவர் கடைசிக் குண்டை அடுத்தவர் இலக்கில் சுட்டு எட்டாவது இடத்துக்குப் போனார். கொடுமைதான். ஆனால் அதுதான் போட்டி. சுட்ட குண்டு எல்லாம் கணக்கில் வரும்.

இப்போது தோட்டாவைத் தாங்களே தயாரிப்பவர்களிடம் வருவோம். காலிப் பித்தளைக் கூட்டில் புது பிரைமர் பொருத்தி, மருந்தை கிரெயின் கணக்கில் நிறுத்துப் போட்டு, குண்டைப் பதிப்பார்கள். பொறுமை வேண்டிய நல்ல கலை. சிக்கல் அதைச் சோதிக்கும் முறையில்தான் இருக்கிறது. மருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பத்து வகை தயாரிப்பார்கள். வகைக்கு மூன்று குண்டு சுடுவார்கள். எதில் மூன்று ஓட்டையும் நெருக்கமாக விழுகிறதோ, அதுதான் இந்தத் துப்பாக்கிக்குப் பிடித்த அளவு என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

பத்து வகையிலும் ஒரே அளவு மருந்தைப் போட்டுவிட்டு இதே சோதனையைச் செய்து பாருங்கள். அப்போதும் ஒன்று நெருக்கமாக விழும், இன்னொன்று பரந்து விழும். இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வருவது சர்வ சாதாரணம். மூன்று குண்டு என்பது அவ்வளவு சின்ன மாதிரி! ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா. ஐந்து குண்டுக் கூட்டத்தின் சராசரி அகலம் ஓர் அங்குலம் என்றால், மூன்று குண்டுக்கு அது சுமார் 0.8, பத்து குண்டுக்கு 1.24. துப்பாக்கி மாறவில்லை. எண்ணிக்கைதான் மாறியது.

வேகம் அளக்கும் கருவியின் கதையும் இதுதான். ஐந்து குண்டு சுட்டு, திட்ட விலக்கம் வினாடிக்கு 5 அடி என்று பெருமையாகச் சொல்வார்கள். ஐந்தே குண்டை வைத்துப் பார்த்தால் உண்மையான மதிப்பு 3-ஆகவும் இருக்கலாம், 14-ஆகவும் இருக்கலாம். தோட்டா விற்கும் ஹார்னடி நிறுவனத்தின் பொறியாளர்களே 2022-ல் இதை வெளிப்படையாகப் பேசினார்கள்.

"முப்பது முப்பதாகச் சுட்டுப் பார்த்தால் குழாய் தேய்ந்துவிடுமே, காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அது என் பக்க வாதம் ஐயா! குழாயின் ஆயுள் சில ஆயிரம் குண்டுகள்தான் என்றால், ஒன்றையுமே நிரூபிக்காத சோதனையில் அதை ஏன் கரைக்க வேண்டும்? நல்ல குண்டு, நல்ல பித்தளை, ஒரே சீராக நிறுத்த மருந்து. இதோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் காற்றைப் படிக்கப் பழகுவதில் செலவழிக்கலாம். ஆயிரம் கெஜத்தில் குறுக்குக் காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தால் .308 குண்டு எட்டு ஒன்பது அங்குலம் விலகிப்போகும். அமெரிக்க எஃப்-கிளாஸ் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் மொத்த அகலமே பத்து அங்குலம். நடுவிலிருந்து ஐந்து அங்குலம் விலகினாலே வட்டத்துக்கு வெளியே. கால் கிரெயின் மருந்து அங்கே வந்து காப்பாற்றாது.

அவரவர் பொழுதுபோக்கு, உனக்கென்ன என்று கேட்கலாம். காகிதத்தோடு முடிந்தால் நானும் பேசாமல் இருப்பேன். ஆனால் நூறு கெஜத்தில் மூன்று குண்டு ஒரே ஓட்டையில் போனதை நம்பிய ஒருவர், 800 கெஜத்தில் நிற்கும் மானையும் அதே நம்பிக்கையோடு சுடுகிறார். அவருடைய உண்மையான குறித்திறன் படத்தில் இருப்பதைவிட இரண்டு மடங்கு மோசம் என்றால், குண்டு நெஞ்சில் படாது, வயிற்றில் படும். அந்த மான் காட்டுக்குள் ஓடி மெல்லச் சாகும். புள்ளியியல் தெரியாததற்கு அது விலை கொடுக்கிறது.

மூன்று ஓட்டைப் படத்தை யாராவது நீட்டினால் இரண்டே கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை சுட்டீர்கள்? மீதிப் படங்கள் எங்கே?